பின்வரிசை வீரன்

உடப்புசல்லாவை மலைச்சரிவிலே ஒரு தோட்டத்து மைதானம். மைதானம் என்று நாம் மரியாதைக்குச் சொல்லுகிறோமேயன்றி, அதன் ஒரு புறம் மறு புறத்தைவிட ஓர் ஆள் உயரம் மேடாக இருக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்குள்ளே புகுந்து, கானில் விழுந்து, உருண்டு கீழ்மலைக்குப் போய்விடும். அதனை எடுத்து வருவதற்கென்றே நாலைந்து சிறுவர்கள் கானோரமாகக் காத்து நிற்பார்கள். அப்படிப்பட்ட மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அயல் தோட்டங்கள் இரண்டின் அணிகள் உதைபந்தாட்டத்தில் மோதிக்கொண்டதை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. இரு பக்கத்திலும் கோல் இல்லை. திடீரென்று ஓர் இளைஞன் பந்துடன் பாய்ந்து சென்று ஒரு கோல் அடித்தான். அவ்வளவுதான், மலையே அதிர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் அவனைத் தோளிலே தூக்கிக்கொண்டு கூட்டம் மைதானத்தை வலம் வந்தது. கடையிலிருந்து சோடாப் போத்தல்கள் வந்தன.

அந்த ஆரவாரத்தில் ஒருவனை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. முழங்கால் சிராய்ந்து, சட்டையெல்லாம் சேறாகி, மைதானத்தின் மூலைகளில் நட்டிருந்த கொடிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான் அவன். ஆட்டம் முழுவதும் பின்வரிசையில் நின்று, எதிரணியின் பாய்ச்சலையெல்லாம் தடுத்தவன் அவனே. கோலாக முடிந்த அந்தப் பந்தைக்கூட, தன் கோல் வாயிலிலே எதிரியின் காலிலிருந்து பறித்து முன்னே அனுப்பியவனும் அவனே. அவன் நமது மாணவன்; உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் பயில்பவன்.

மறுநாட் காலை, வகுப்பு முடிந்ததும் அவன் நம்மிடம் வந்தான். கொழும்பிலுள்ள ஒரு கழகத்தைச் சேர்ந்தவர் அன்றைய ஆட்டத்தைப் பார்த்தாராம். உடனே கொழும்புக்கு வந்தால் அணியிற் சேர்த்துக்கொள்வதாகவும், ஒரு வேலையும் தேடித் தருவதாகவும் சொன்னாராம். பரீட்சைக்கோ இன்னும் ஏழு மாதங்கள். “நான் போகட்டுமா சேர்?” என்று கேட்டான்.

நாம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “உதைபந்து சோறு போடுமா தம்பி? போய்ப் புத்தகத்தை எடு” என்று சொல்லிவிட்டோம். அவன் தலை குனிந்தபடி போய்விட்டான். அவன் போன பிறகுதான் நமது நெஞ்சு உறுத்தியது. இருபது ஆண்டுக்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்தும், ஒரு மாணவன் தன் வாழ்க்கையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஒரு பழைய சொல்லை எறிந்து அனுப்பிவிட்டோமே! போ என்று சொல்லியிருந்தாலும் அதுவும் தீர விசாரியாத சொல்லாகவே இருந்திருக்கும். உண்மையில் விளையாட்டு ஒரு மாணவனுக்கு என்ன தரும்? எவ்வளவு காலத்துக்குத் தரும்? எதனை எடுத்துக்கொள்ளும்? இவற்றை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

வரிசையில் நிற்பவன்

உதைபந்தாட்டத்தில் முன்வரிசை, இடைவரிசை, பின்வரிசை என்று வரிசைகள் உண்டு. முன்வரிசையில் நிற்பவன் பத்து முறை தவறவிட்டு ஒருமுறை கோல் அடித்தாலும் வீரன். பின்வரிசையில் நிற்பவனோ தொண்ணூற்றொன்பது முறை தடுத்து ஒருமுறை தவறவிட்டாலும் குற்றவாளி. முன்னவனின் வெற்றி எல்லார் கண்ணுக்கும் தெரியும். பின்னவனின் வெற்றி, நடவாமற்போன ஒன்று, அடிக்கப்படாமற்போன கோல். நடவாமற்போனதற்கு யார் மாலை போடுவார்கள்?

நமது மக்கள் வாழும் வீட்டு வரிசைக்கும் ‘லயம்’ என்றுதான் பெயர். வரிசையில் நின்று, பெயர் வெளிவராமல் உழைப்பது இன்னதென்று மலையகத்தாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. உலகச் சந்தையிலே உடப்புசல்லாவைத் தேயிலை என்று ஒரு தனிப் பெயர் உண்டு. இலங்கையின் ஏழு தேயிலைப் பிரதேசங்களுள் இதுவும் ஒன்று. அந்தப் பெட்டியின் மேல் ஊரின் பெயர் இருக்கும்; கொழுந்து பறித்த கையின் பெயர் இராது. ஆகவே பின்வரிசை வீரனின் கதை நமக்குப் புதிய கதையன்று.

அப்படிப்பட்ட ஒருவனுடைய குணம் எத்தகையது? தன் வேலையைப் பிறர் பாராட்டாவிட்டாலும் செய்வான். தான் பறித்த பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல், தகுந்தவனுக்குக் கொடுத்துவிடுவான். ஆட்டம் முழுவதையும் பின்னாலிருந்து பார்ப்பவன் ஆதலின், அடுத்து என்ன நேரும் என்று முன்கூட்டியே எண்ணுவான். இக்குணங்கள் மைதானத்தோடு முடிந்துவிடுகின்றனவா, அல்லது வாழ்க்கைக்கும் உதவுகின்றனவா? இதற்கு விடை தருகின்ற ஒரு வரலாறு இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் இருக்கிறது.

நாகமலை தந்த தலைவர்

தலிமெரென் ஆவோ என்பது அவர் பெயர். 1918 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி, நாகமலையிலுள்ள சாங்கி என்னும் கிராமத்தில் பிறந்தார். ‘ஆவோ’ என்பது அவர் பிறந்த நாகர் குலத்தின் பெயர். தந்தையார் ஒரு கிறித்தவ குரு, பிள்ளைகள் பன்னிருவர். அம்மலைகளில் அக்காலத்தில் மருத்துவரைக் காண்பதே அரிது. மகன் மருத்துவராகி மலைமக்களுக்கே தொண்டு செய்ய வேண்டும் என்பது தந்தையாரின் ஆவல். அந்த ஆவலை மகனிடம் விட்டுவிட்டு, 1935 இல் அவர் காலமானார்.

மகனுக்கோ கால்களிலே ஓர் அற்புதம் இருந்தது. ஜோர்ஹாட்டில் படித்த காலத்திலும், பின்னர் கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்த காலத்திலும் உதைபந்தாட்டத்தில் அவர் பெயர் பரவியது. 1942 இல் கல்கத்தாவிலுள்ள கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், இன்று ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி என வழங்குவது அதுவே. அடுத்த ஆண்டே, இந்தியாவின் புகழ்பெற்ற கழகங்களுள் ஒன்றான மோகன் பகான் அவரைத் தன் அணியிற் சேர்த்துக்கொண்டது. சிறிது காலத்திலேயே அவ்வணியின் தலைவருமானார்.

தொடக்கத்தில் அவர் முன்வரிசையில் ஆடியவர் என்பர். கல்கத்தாவில் அவருக்குக் கிடைத்த இடமோ இடைவரிசையின் நடுப்பகுதி. தாக்க வருபவரைத் தடுப்பதே அங்கு முதல் வேலை. அக்காலத்து ஆட்டத்தில் முன்வரிசையில் ஐவர் நிற்பார்கள். அந்த ஐவரும் மாலை வாங்குவதற்கு, பின்னால் நிற்பவர்கள் மண்ணைக் கவ்வ வேண்டியிருக்கும். அந்த இடத்தை அவர் விரும்பி ஏற்று, அதிலேயே புகழும் பெற்றார். அவரது காலத்துத் தோழர் சைலன் மன்னாவும் பின்வரிசை வீரரே. 1951 ஆம் ஆண்டு முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றபோது அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

1948 ஆம் ஆண்டு வந்தது. இந்தியா சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய உதைபந்தாட்ட அணிக்குத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர் மருத்துவ மாணவர் ஆவோ. தொடக்க விழாவிலே, சுதந்திர இந்தியாவின் கொடியை ஏந்தி முன்னே நடந்தவரும் அவரே. தந்தையை இழந்த ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளை, கோடானுகோடி மக்களின் கொடியைத் தாங்கி நடந்த அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

ஜூலை 31 ஆம் திகதி, இலண்டனுக்கு அருகிலுள்ள இல்போர்ட் என்னுமிடத்தில் பிரான்ஸ் அணியுடன் ஆட்டம். இந்திய வீரருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் அடித்தது. பின்னர் சாரங்கபாணி ராமன் இந்தியாவுக்காக ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். இந்தியாவுக்குத் தண்ட உதைகள் இரண்டு கிடைத்தன; இரண்டும் வீணாயின. கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் அடித்து, இரண்டுக்கு ஒன்று என வென்றது. தோற்றாலும், அந்த வெறுங்கால் வீரர்களை இங்கிலாந்து மக்கள் கைதட்டிப் பாராட்டினார்கள்.

வேண்டாமென்ற ஒப்பந்தம்

அதன் பின் நடந்ததாகச் சொல்லப்படுவதே நமது கட்டுரைக்கு முக்கியமானது. இங்கிலாந்தின் தலைசிறந்த கழகங்களுள் ஒன்றான ஆர்சனல், ஆவோவை ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அழைத்தது என்றும், மருத்துவப் படிப்பை முடிக்க வேண்டும் என்று கூறி அவர் அதை ஏற்கவில்லை என்றும் அவரைப் பற்றி எழுதுவோர் கூறுவர்.

இதனைக் கேட்கும் இக்காலத்து இளைஞர், “ஐயோ! கோடிக்கணக்கான பணத்தை விட்டுவிட்டாரே!” என்று அங்கலாய்க்கக்கூடும். உண்மை அதுவன்று. அந்நாளில் இங்கிலாந்தில் தொழில்முறை உதைபந்தாட்டக்காரருக்கு உச்சவரம்புச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. 1947 இல் அது வாரத்துக்குப் பன்னிரண்டு பவுண். எத்துணை பெரிய வீரனாயினும் அதற்குமேல் கொடுக்கக் கழகங்களுக்கு அனுமதி இல்லை. 1961 ஆம் ஆண்டிலேதான் அந்த வரம்பு நீங்கியது. ஆகவே ஆவோவின் முன் இருந்தது பெருஞ்செல்வம் அன்று, புகழ். முப்பது வயதான ஒருவருக்கு, குளிர்நாட்டில், ஓர் ஆண்டுக்குரிய புகழ். மறுபுறம், வாழ்நாள் முழுவதும் நிலைக்கக்கூடிய ஒரு தொழிலும், இறந்த தந்தைக்கு நிறைவேற்ற வேண்டிய ஒரு வாக்கும் இருந்தன.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. ஆட்டம் அவரிடமிருந்தும் விலை வாங்கியது. 1942 இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர் பட்டம் பெற்றது 1950 இல். இந்த எட்டு ஆண்டுகளில் ஆட்டம் எத்தனையோ மாலைப் பொழுதுகளைத் தின்றிருக்கும். ஆனாலும் அவர் படிப்பைக் கைவிடவில்லை, ஆட்டத்தையும் வெறுக்கவில்லை. ஒன்று பிந்தினாலும் இரண்டையும் கரை சேர்த்தார்.

பட்டம் பெற்றபின் கல்கத்தாவிலேயே தங்கிப் புகழோடு வாழ்ந்திருக்கலாம். அவரோ மலைக்குத் திரும்பினார். 1950 களில் கோகிமா நகரத்து வைத்தியசாலையில் பணி செய்யத் தொடங்கினார். நாகமலையில் அமைதி குலைந்திருந்த காலம் அது. 1963 இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்தின் சுகாதாரத் துறைப் பணிப்பாளராக உயர்ந்து, 1978 இல் ஓய்வு பெற்றார். 1998 ஆம் ஆண்டு செப்டெம்பர் 13 ஆம் திகதி, எண்பதாவது வயதில் மறைந்தார்.

எண்ணிப் பாருங்கள். மோகன் பகானில் அவர் ஆடிய காலம் பத்தாண்டுக்கும் குறைவு. மருத்துவராகப் பணி செய்த காலமோ கால் நூற்றாண்டுக்கு மேல். நோயைத் தடுப்பதும் பின்வரிசை ஆட்டமேயன்றோ! நல்ல சுகாதார அதிகாரியின் வெற்றியும் நடவாமற்போன ஒன்றுதான். பரவாமற்போன காய்ச்சல், சாகாமற்போன குழந்தை. மைதானத்தில் கற்ற குணம் அங்கேயே முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அமெரிக்காவில் ஒரு கணித மேதை

இது பழைய கதை என்று மாணவர் சிலர் எண்ணலாம். இக்காலத்துக் கதையும் ஒன்று உண்டு. அமெரிக்கரும் உதைபந்து என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். பெயர்தான் உதைபந்தேயன்றிப் பெரும்பாலும் கையாலே ஆடுவது. நமது கண்டியிலும் கொழும்பிலும் ஆடும் றக்பியின் ஒன்றுவிட்ட தம்பி எனலாம். அந்த ஆட்டத்தில் பந்தை எறிபவருக்கு முன்னே ஐந்து பேர் மதில்போல் வரிசையாக நிற்பார்கள். எதிரிகள் பந்தெறிபவர்மேல் பாயாதபடி தம் உடலாலேயே தடுப்பது அவர்கள் தொழில். பொதுவாக, முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கக்கூட விதி அவர்களை அனுமதிப்பதில்லை. அவர்களுட் பெரும்பாலோர் ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடாமலே களைத்துப்போகும் வீரர்கள்.

அத்தகைய வரிசை வீரர் ஒருவர் ஜோன் உர்ஷெல். உடல் நிறை முந்நூறு இறாத்தலுக்கு மேல். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டே கணிதத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே அங்கு கணிதம் கற்பிக்கவும் செய்தார். கல்வியிலும் ஆட்டத்திலும் ஒருங்கே சிறந்த கல்லூரி வீரருக்கு வழங்கப்படும் கம்பெல் விருது 2013 இல் அவருக்குக் கிடைத்தது. 2014 ஆம் ஆண்டு பால்ட்டிமோர் நகரத்துத் தொழில்முறை அணி அவரை ஐந்தாம் சுற்றில் தெரிவு செய்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த ஆட்டத்தை ஆடுவோருள் தொழில்முறை அணிகளை எட்டுவோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு என்று அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கமே கணக்குக் காட்டுகிறது. அந்தச் சிலருள் ஒருவரானார் உர்ஷெல்.

ஆனால் 2015 இல், பயிற்சியின்போது தலையில் அடிபட்டு நினைவிழந்தார். தேறிய பின்பும் சில காலம் உயர்கணிதத்தில் சிந்தனை முன்போல் ஓடவில்லை என்று அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். 2017 ஜூலையில் ஒரு மருத்துவ ஆய்வு வெளியாயிற்று. இறந்துபோன தொழில்முறை ஆட்டக்காரர் 111 பேரின் மூளைகளைப் பரிசோதித்ததில், 110 மூளைகளில் அடிபட்டு அடிபட்டு மூளை நைந்துபோகும் நோயின் அடையாளம் காணப்பட்டது. குடும்பத்தார் தாமாக முன்வந்து தானம் செய்த மூளைகள் ஆதலின், ஆட்டக்காரர் யாவருக்கும் அந்த விகிதம் பொருந்துமென்று கொள்ள முடியாது. ஆயினும் எவரையும் திடுக்கிடச் செய்யும் எண்ணிக்கைதான்.

அது வெளியான இரண்டாம் நாள், இருபத்தாறாவது வயதில், உர்ஷெல் ஓய்வை அறிவித்தார். முதற் குழந்தை பிறக்கவிருப்பதையும், கணிதப் படிப்பை முழுநேரமாகத் தொடர விரும்புவதையும் அப்போது எடுத்துச் சொன்னார். 2021 இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே கணிதத்துறையில் உதவிப் பேராசிரியரானார். முந்நூறு இறாத்தல் மதிலாக நின்றவர் கரும்பலகைக்கு முன் நிற்கலானார்!

மறுபக்கம்

இவ்விரு கதைகளையும் சொல்லிவிட்டு, “ஆகவே மாணவர்களே, விளையாட்டை விடுங்கள்” என்று முடித்தால் அது நேர்மையாகாது. விளையாட்டையே வாழ்க்கையாக்கி உயர்ந்தவரும் நம்மிடையே உண்டு. முத்தையா முரளிதரனை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? அவருடைய பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனை, பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்குத் திருப்பினார். 2010 ஆம் ஆண்டு காலியில் ஆடிய கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி அவர் விடைபெற்றார்.

ஆனால் இங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. முரளிதரனின் தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். ஆட்டம் கைகொடாவிட்டால் தாங்கிக்கொள்ள ஒரு தொழில் பின்னால் நின்றது. அதாவது, அந்த முன்வரிசை வீரருக்கும் வீட்டிலே ஒரு பின்வரிசை இருந்தது. நமது லயத்துப் பிள்ளைகள் பலருக்கு அது இல்லை. அவர்களுக்குக் கல்வியே பின்வரிசை.

ஆகவே ‘ஆட்டமா, படிப்பா?’ என்ற கேள்வியே பிழையானது. ‘விழுந்தால் தாங்குவது எது?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கழகமோ நிறுவனமோ பிள்ளையை அழைத்தால், பெற்றோர் மகிழ்ச்சியடையட்டும். ஆனால் மூன்று செய்திகளை எழுத்திலே கேட்டுக்கொள்ளட்டும். ஒன்று, தருவதாகச் சொல்லும் வேலை எது, எத்தனை ஆண்டுக்கு? இரண்டு, ஆட்டத்தில் கால் முறிந்தால் வைத்தியச் செலவும் சம்பளமும் யார் பொறுப்பு? மூன்று, படிப்பைத் தொடரவும் பரீட்சை எழுதவும் விடுவார்களா? இவற்றுக்குத் தெளிவாக விடை சொல்பவரோடு போகலாம். “அதெல்லாம் பிறகு பார்ப்போம்” என்பவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதெப்படி?

நமது நாட்டிலும் வழிகள் இல்லாமல் இல்லை. முப்படைகளும் பொலிசும் தமக்கென உதைபந்தாட்ட அணிகள் வைத்திருக்கின்றன. தேசிய மட்டத்தில் விளையாட்டிற் சிறந்தவர்கள் உயர்தரப் பரீட்சையில் வேண்டிய குறைந்தபட்சத் தகுதியைப் பெற்றிருந்தால், பல்கலைக்கழக அனுமதியில் அவர்களுக்கென ஒரு விசேட ஏற்பாடும் உண்டு. சப்பிரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்தையே பட்டப் படிப்பாகக் கற்கலாம். இவ்வழிகளுட் பல்கலைக்கழகக் கதவைத் திறப்பதற்கு உயர்தரப் பெறுபேறு இன்றியமையாதது என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

லயத்து வாசலில்

இவ்வளவையும் எண்ணித் தெளிந்த பின், அடுத்த சனிக்கிழமை மாலை நாம் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றோம். தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தாய் கொழுந்து பறிப்பவர். இஸ்தோப்பில் ஒரு பாயை விரித்து நம்மை உட்கார வைத்து, தேநீர் கொடுத்தார்கள். முதலில் மாணவனிடம், “அன்றைக்கு யோசியாமல் சொல்லிவிட்டோம், தம்பி” என்று கூறினோம். அவன் திகைத்துப்போனான். ஆசிரியரும் பிழை விடுவார் என்பதை அவன் அன்றுதான் கண்டிருப்பான் போலும்!

பிறகு ஆவோவின் கதையைச் சொன்னோம். உர்ஷெலின் கதையைச் சொன்னோம். தந்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “படிச்சாலும் மலைய விட்டுப் போயிருவான், ஆடினாலும் போயிருவான். எப்படியாவது நல்லா இருக்கட்டுங்க ஐயா. போற எடத்துல விழுந்துட்டா தூக்கி விட ஆள் இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

நாம் ஒரு வாரமாகப் புத்தகங்களைப் புரட்டிக் கண்டுபிடித்ததை, அந்த மனிதர் ஒரு மூச்சிலே சொல்லிவிட்டார்!

அன்றிரவே மாணவனும் நாமும் சேர்ந்து அந்தக் கழகத்தவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்று கேள்விகளையும் அவன் தன் கையாலேயே எழுதினான். பத்து நாட்களில் தொலைபேசியில் பதில் வந்தது. வேலையைப் பற்றியும் வைத்தியச் செலவைப் பற்றியும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. “பரீட்சை முடிந்த பிறகு வரட்டும், ஆட்டத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வோம்” என்று மட்டும் சொன்னார்கள். கதவு மூடப்படவுமில்லை, முழுவதும் திறக்கப்படவுமில்லை. முடிவை அவனிடமே விட்டோம். ஓர் இரவு யோசித்தான். மறுநாள் வந்து, “பரீட்சைய எழுதிட்டே போறேன் சேர். ஆட்டத்த விட மாட்டேன்” என்றான். அவன் மருத்துவராவானோ, வீரனாவானோ, வேறென்ன ஆவானோ, நாம் அறியோம். ஆனால் வருகிற பந்தைப் பதற்றமின்றி நிறுத்தி, நிதானித்து, பிறகு முன்னே அனுப்பத் தெரிந்தவன் அவன். அந்தக் குணத்தை நாம் நம்புகிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே மைதானத்தில் ஆட்டம் நடந்தது. அவன் அணி வென்றது. கோல் அடித்தவனைக் கூட்டம் தோளிலே தூக்கிக்கொண்டது. வழக்கம்போல அவன் மூலையிலே கொடிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நாம் கடைக்குச் சென்று ஒரு சோடாப் போத்தல் வாங்கிக்கொண்டு, மைதானத்தைக் குறுக்கே கடந்து அவனிடம் போனோம்.